முதலில் போனை வையுங்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு 70 வயது. பணி ஓய்வு பெற்றவர். வீட்டின் வரவு செலவை இன்றும் அவர்தான் பார்க்கிறார். மூன்று வாரங்களுக்கு முன், வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவர் அழைத்தார். கணக்கிலிருந்து யாரோ பணம் எடுக்கப் பார்ப்பதாகச் சொல்லி, அதைத் தடுக்க வாட்ஸ்ஆப்பில் ஒரு ஆப்பை அனுப்பியிருக்கிறார். முக்கால் மணி நேரப் பேச்சில் சேமிப்பில் பெரும்பகுதி போய்விட்டது. வங்கியிலும் காவல்துறையிலும் புகார் கொடுத்துவிட்டோம், ஆப்பையும் நீக்கிவிட்டோம். அப்பா அதன் பிறகு யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. 'இவ்வளவு படிச்ச மனுஷன் இப்படியா ஏமாறுவீங்க?' என்று அண்ணன் சத்தம் போட்டதில் இன்னும் ஒடுங்கிவிட்டார். இப்போது, போன பணத்தை மீட்டுத் தருவதாக ஒரு நிறுவனம் வாட்ஸ்ஆப்பில் வந்து முன்பணம் கேட்கிறது. கொடுக்கலாமா? அப்பாவின் ஸ்மார்ட்போனை வாங்கிக்கொண்டு பட்டன் போன் கொடுத்துவிடலாம் என்கிறார் அண்ணன். எனக்கும் அம்மாவுக்கும்கூட ஏதாவது ஒரு லிங்க், ஒரு வேலை வாய்ப்பு, ஒரு பார்சல் செய்தி வந்துகொண்டே இருக்கிறது. எது மோசடி என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று வந்திருப்பவர்களுக்குச் சல்லிக்காசுகூடக் கொடுக்காதீர்கள். அது அதே கும்பலாக இருக்கலாம், அல்லது அவர்களிடமிருந்து உங்கள் அப்பாவின் எண்ணை விலைக்கு வாங்கிய இன்னொரு கும்பலாக இருக்கலாம். ஒருமுறை பணத்தை இழந்தவர்களின் பட்டியல் இவர்களுக்குள் கைமாறிக்கொண்டே இருக்கும். எவ்வளவு போனது, எந்த வங்கி, என்றைக்குப் போனது என்ற விவரமெல்லாம் அவர்கள் கையில் இருக்கும். அதைக் கேட்டதும் 'இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறார்களே' என்று நம்பத் தோன்றும். வழக்கறிஞர் என்பார்கள், சைபர் நிபுணர் என்பார்கள், முத்திரை குத்திய கடிதம் அனுப்புவார்கள். உங்கள் பணம் எங்கோ பத்திரமாக இருப்பதாக ஓர் இணையப் பக்கத்தையே திறந்து காட்டுவார்கள். அதை விடுவிக்க முதலில் கட்டணம், பிறகு வரி, பிறகு காப்புத்தொகை என்று கேட்டுக்கொண்டே போவார்கள். காவல்துறையோ வங்கியோ பறிபோன பணத்தைத் திருப்பித் தர முன்பணம் கேட்பதில்லை. அந்த உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் புகாரை விசாரிப்பவரிடம் கொடுங்கள். பிறகு எண்ணை ப்ளாக் செய்யுங்கள். திட்டி ஒரு பதில்கூட எழுத வேண்டாம். எது எழுதினாலும், இந்த எண்ணில் பேசக்கூடிய ஆள் இருக்கிறார் என்ற தகவல்தான் அவர்களுக்குப் போய்ச் சேரும்.

அடுத்து, அப்பாவின் போன். ஆப்பை நீக்கியது சரி, ஆனால் அது போதாது. இப்படிக் கோப்பாக அனுப்பி நிறுவச் சொல்லும் ஆப் தன்னோடு இன்னொன்றையும் உள்ளே இறக்கியிருக்கலாம். ஆண்ட்ராய்டு போன்களில் இவை 'அக்சசிபிலிட்டி' என்ற அனுமதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் திரையை வாசித்துச் சொல்லவும், அவர்களுக்காகப் பொத்தானை அழுத்தவும் செய்யப்பட்ட நல்ல வசதி அது. கெட்டவர் கையில் சிக்கினால், திரையில் வரும் ஓடிபியை வாசிப்பதற்கும் வங்கி ஆப்பில் 'அனுப்பு' என்பதை அழுத்துவதற்கும் அதே வசதி போதும். ஆகவே புகாருக்குத் தேவையான செய்திகளையும் அழைப்புப் பதிவுகளையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, விசாரணை அதிகாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, போனை ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுங்கள், அதாவது உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துப் புதுப் போன் போல ஆக்கிவிடுங்கள்.

பாஸ்வேர்டுகளை அந்தப் போனிலிருந்து மாற்றாமல் உங்கள் போனிலிருந்து மாற்றுங்கள். முதலில் மின்னஞ்சல் பாஸ்வேர்டு, மற்றதெல்லாம் பிறகு. எந்தக் கணக்கில் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று அழுத்தினாலும் புதியதை அமைக்கும் லிங்க் பெரும்பாலும் மின்னஞ்சலுக்குத்தான் வரும். அது அவர்கள் கையில் இருக்கும்வரை நீங்கள் எதைப் பூட்டினாலும் திறந்துவிடுவார்கள்.

இன்னும் இரண்டு இடங்களைப் பலரும் பார்க்காமல் விடுகிறார்கள். ஒன்று, கால் ஃபார்வர்டிங். பேச்சுக்கு நடுவே 'உங்க லைனைச் சரிபார்க்கிறோம், இந்த எண்ணை டயல் பண்ணுங்க' என்று நட்சத்திரக் குறியில் தொடங்கும் ஒரு வரிசையைச் சொல்வார்கள். அதை டயல் செய்த நொடியிலிருந்து அப்பாவுக்கு வரும் அழைப்புகள் அவர்களுக்குப் போகும். உண்மையான வங்கி எச்சரிக்க அழைத்தாலும் எடுத்துப் பேசுவது அவர்கள்தான். பெரும்பாலான மொபைல் சேவைகளில் ##002# என்று டயல் செய்தால் இந்தத் திருப்பிவிடல்கள் எல்லாம் ரத்தாகிவிடும். இரண்டாவது, வாட்ஸ்ஆப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' என்ற பக்கம். உங்களுக்குத் தெரியாத கருவி அங்கே இருந்தால் வெளியேற்றுங்கள். அப்படியே 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' பகுதிக்குப் போய் ஆறு இலக்க பின் ஒன்றை வைத்துவிடுங்கள்.

பணம் திரும்பக் கிடைக்குமா என்று நீங்கள் வெளிப்படையாகக் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்விதான் உங்களை அந்த மீட்பு நிறுவனம் வரை இழுத்திருக்கிறது என்று நினைக்கிறேன். நான் வேலை செய்வது வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவில். அங்கே பார்ப்பதை உள்ளபடி சொல்கிறேன். இப்படிப் பறிக்கப்படும் பணம் முதலில் போய் விழுவது, கமிஷனுக்காகத் தன் கணக்கைக் கடன் கொடுத்த யாரோ ஒருவரின் கணக்கில். அங்கிருந்து சில நிமிடங்களில் பல கணக்குகளாகப் பிரியும். பிறகு ரொக்கமாகவோ கிரிப்டோவாகவோ மாறி, கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விடும். நடுவில் ஏதாவது ஒரு கணக்கில் பணம் நிற்கும்போதே அந்தக் கணக்கு முடக்கப்பட்டிருந்தால், அந்தத் தொகை திரும்ப வர வழி உண்டு. மூன்று வாரம் ஆகிவிட்டதால் அதிக நம்பிக்கை தர எனக்கு மனம் வரவில்லை. ஆனால் விட்டுவிடவும் வேண்டாம். பணம் எந்தெந்தக் கணக்குகளுக்குப் போனது, அவற்றில் எவ்வளவு முடக்கப்பட்டிருக்கிறது என்று புகார் எண்ணைக் குறிப்பிட்டு வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் கிடைக்காத பதில் எழுத்தில் கேட்டால் கிடைக்கும்.

இனி உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது இப்படி நடந்தால், நாளைக் காலை பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கவே கூடாது. முதல் அழைப்பு வங்கிக்கு, இரண்டாவது மோசடிப் புகார் எண்ணுக்கு. இந்தியாவில் அது 1930, மலேசியாவில் 997, சிங்கப்பூரில் 1799. பிரிட்டனில் 159 என்ற எண்ணை அழைத்தால் உங்கள் வங்கிக்கே இணைத்துவிடுவார்கள். வேறு நாட்டில் இருந்தால் அங்குள்ள எண்ணை இன்றைக்கே தேடி போனில் சேமித்து வையுங்கள். பணம் போன பதற்றத்தில் தேட முடியாது.

இப்போது அண்ணன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இவ்வளவு படித்தவர் எப்படி ஏமாந்தார்? அந்த அழைப்பை நிதானமாகப் பிரித்துப் பார்த்தால் பதில் கிடைக்கும். புகார் கொடுக்க வருபவர்கள் சொல்லிச் சொல்லி எனக்கு அதன் வரிகள் ஏறக்குறைய மனப்பாடமாகிவிட்டன.

"சார், வணக்கம். பேங்க் செக்யூரிட்டி பிரிவுலேர்ந்து பேசுறேன். உங்க கணக்குலேர்ந்து இப்போ ஒரு பெரிய தொகை வெளிய போகப் போகுது. நீங்கதான் அனுப்புறீங்களா?"

"இல்லையே, நான் எதுவும் அனுப்பலையே!"

"அப்படியா சார்? நல்லவேளை, கேட்டேன். பதறாதீங்க, நான் நிறுத்திடுறேன். லைன்லயே இருங்க, கட் பண்ணிடாதீங்க. கட் ஆச்சுன்னா பணம் போயிடும்."

இந்தச் சில வாக்கியங்களிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. முதல் கேள்விக்கு 'இல்லை' என்பதைத் தவிர வேறு பதிலே கிடையாது. அந்தப் பதிலைச் சொன்னதும் ஒரு திருடன் பிறந்துவிடுகிறான், எதிர்முனையில் இருப்பவர் காப்பாற்ற வந்தவர் ஆகிவிடுகிறார். வீட்டுக்குத் தீ வைத்தவனே தண்ணீர் வாளியோடு ஓடி வருவதைப் போன்ற வேலை இது. அந்த நேரத்தில் அப்பாவுக்கு அவர்மேல் சந்தேகம் வரவில்லை, நன்றிதான் வந்திருக்கும். அடுத்து, 'லைனிலேயே இருங்கள்' என்பது. முக்கால் மணி நேரம் பேசினார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த முக்கால் மணி நேரமும் அப்பாவால் உங்களை அழைத்திருக்க முடியாது. பக்கத்து அறையில் இருக்கும் அம்மாவைக் கூப்பிடப் போனால்கூட, 'ரகசியமா இருக்கட்டும் சார், பேங்க் ஆளே ஒருத்தர் இதுல சம்பந்தப்பட்டிருக்கார், விசாரணை நடக்குது' என்று நிறுத்திவிடுவார்கள். ஒரு மனிதரிடமிருந்து யோசிக்கும் நேரத்தையும் பக்கத்தில் இருப்பவர்களையும் பிரித்துவிட்டால், அவருடைய படிப்பும் அனுபவமும் அந்த நேரத்துக்கு உதவாது. அதன் பிறகு அவர்கள் கேட்பது எதுவாகவும் இருக்கலாம். ஆப்பை நிறுவச் சொல்லலாம், ஓடிபியை வாசிக்கச் சொல்லலாம், 'பாதுகாப்பான கணக்கு' ஒன்றுக்குப் பணத்தை மாற்றச் சொல்லலாம்.

கதை மாறும், ஆனால் இந்தச் சட்டகம் மாறாது. பார்சலில் போதைப்பொருள் இருந்தது என்று காவல் அதிகாரி வேடத்தில் வீடியோ காலில் வந்து, கேமராவை விட்டு நகரக் கூடாது என்று மணிக்கணக்கில் உட்கார வைப்பார்கள். மின் இணைப்பு இன்றிரவு துண்டிக்கப்படும் என்பார்கள். கணினியில் வைரஸ் என்று திரையை நிறைக்கும் எச்சரிக்கையில் ஓர் எண்ணைக் காட்டி அழைக்கச் சொல்வார்கள். எல்லாவற்றிலும் அவசரம் இருக்கும், யாரிடமும் சொல்லாதே என்பது இருக்கும், தொடர்பைத் துண்டிக்காதே என்பது இருக்கும். எது மோசடி என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருந்தீர்கள். கதையை ஆராய்ந்து கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். கதை சொல்வதில் அவர்கள் தேர்ந்தவர்கள், நாளுக்கொன்று புதிதாகச் செய்வார்கள். நம்மை எந்த நிலையில் நிறுத்துகிறார்கள் என்பதைப் பாருங்கள். வீடியோ காலில் யாரையும் கைது செய்ய முடியாது. வங்கி ஊழியர் யாரும் 'போனை வைத்தால் பணம் போய்விடும்' என்று சொல்ல மாட்டார்.

அப்பாவின் போனில் வங்கியின் எண்ணே தெரிந்ததா என்று நீங்கள் குறிப்பிடவில்லை. தெரிந்திருந்தாலும் வியப்பில்லை. இணையம் வழியாகப் பேசும்போது, எதிர்முனையில் எந்த எண் தெரிய வேண்டும் என்று அழைப்பவரே போலியாகக் கொடுத்துவிட முடியும். குறுஞ்செய்தியிலும் இப்படித்தான். வங்கியின் பெயரையே அனுப்புநர் பெயராகப் போட்டு அனுப்புகிறார்கள். ஒரே பெயரில் வரும் செய்திகளைப் போன் ஒரே வரிசையில் அடுக்கிவிடும். போன மாதம் வங்கி உண்மையாக அனுப்பிய ஓடிபி மேலே இருக்கும், அதற்குக் கீழே இந்தப் பொய்ச் செய்தி வந்து உட்கார்ந்திருக்கும். பார்ப்பவருக்கு அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? சில நாடுகளில் அனுப்புநர் பெயரைப் பதிவு செய்தால்தான் பயன்படுத்தலாம் என்று கட்டுப்பாடு கொண்டுவந்திருக்கிறார்கள். அதனால் இது குறைந்திருக்கிறது, ஒழிந்துவிடவில்லை.

திரையில் தெரியும் பெயரையும் எண்ணையும் நம்ப முடியாது என்றால் மிஞ்சுவது ஒரே வழிதான், நான் உங்கள் குடும்பத்துக்குச் சொல்ல விரும்புவதும் அதுதான். உங்களைத் தேடி வந்த தொடர்பை வைத்து எதையும் செய்யாதீர்கள். போனை வையுங்கள். ஏடிஎம் கார்டின் பின்பக்கத்திலோ பாஸ்புக்கிலோ அச்சிட்டிருக்கும் எண்ணை நீங்களாக அழைத்துக் கேளுங்கள். வந்தவர் உண்மையான ஊழியராக இருந்தால் உங்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை, பத்து நிமிடம் தாமதம், அவ்வளவுதான். எங்கள் பிரிவிலிருந்தும் வாடிக்கையாளர்களை அழைப்போம். 'நான் போனை வைத்துவிட்டு வங்கி எண்ணுக்கு அழைக்கிறேன்' என்று ஒருவர் சொன்னால் எங்களுக்கு மகிழ்ச்சிதான், கோபம் வராது. எதிரில் இருப்பவர் கோபப்பட்டாலோ கெஞ்சினாலோ, 'அதுக்கெல்லாம் நேரமில்லை' என்றாலோ, பதில் அப்போதே கிடைத்துவிட்டது.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். வங்கியின் எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள். தேடலில் மேலே வருவது விளம்பரமாக இருக்கலாம். போலி கஸ்டமர் கேர் எண்களை அங்கே கொண்டுவந்து வைப்பதையே தொழிலாகச் செய்பவர்கள் உண்டு. அப்போது நாமே அழைத்து நாமே போய் மாட்டிக்கொள்வோம். டிக்கெட் பணம் திரும்ப வரவில்லை, கூரியர் வரவில்லை என்று எரிச்சலில் தேடும்போதுதான் இது அதிகம் நடக்கிறது.

லிங்க் விஷயம். லிங்க்கைத் தொடாமல் அந்த நிறுவனத்தின் ஆப்பையோ தளத்தையோ நீங்களாகத் திறந்து பார்ப்பதே நல்லது. பார்சல் வந்திருந்தால் அங்கேயும் தெரியும். ஆனாலும் முகவரியை வாசிக்கக் கற்றுக்கொள்வது பயன்படும், அம்மாவுக்கும் சொல்லிக்கொடுங்கள். 'மைபேங்க்.காம்.செக்யூர்-வெரிஃபை.டாப்/லாகின்' என்று ஒரு முகவரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். நம் கண் முதலில் 'மைபேங்க்.காம்' என்பதைப் பார்த்துத் திருப்தியடைந்துவிடும். ஆனால் முகவரியில் தனியாக வரும் முதல் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அங்கிருந்து இடப்பக்கமாகப் பின்னோக்கி வாசிக்க வேண்டும். அங்கே இருப்பது 'செக்யூர்-வெரிஃபை.டாப்'. அதுதான் தளத்தின் உண்மையான சொந்தக்காரர். முன்னால் ஒட்டியிருக்கும் வங்கிப் பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பூட்டுக் குறி இருந்தால் நல்ல தளம் என்று பல வருடங்களாகச் சொல்லி வந்தார்கள். அதையும் நம்ப வேண்டாம். நடுவழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதுதான் அந்தப் பூட்டின் பொருள். மறுமுனையில் இருப்பது யார் என்று அது சொல்வதில்லை. மக்கள் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றுதான் 2023-ல் கூகுள் குரோம் அந்தப் பூட்டையே எடுத்துவிட்டு வேறு குறி வைத்தது. பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைத்துத் தானே நிரப்பித் தரும் பாஸ்வேர்டு மேனேஜர் பயன்படுத்தினால் இன்னொரு காவலும் கிடைக்கும். வழக்கமாகத் தானே நிரப்பிக்கொள்ளும் பாஸ்வேர்டு ஒரு பக்கத்தில் நிரம்பாமல் நின்றால், அந்தப் பக்கம் போலியோ என்று சந்தேகப்பட வேண்டும்.

கியூஆர் கோடு பற்றி ஒரே ஒரு வார்த்தை. பணம் பெறுவதற்கு நாம் பின் எண்ணைப் போட வேண்டியதில்லை. பணம் வரும் என்று சொல்லி ஸ்கேன் செய்து பின் போடச் சொன்னால், போவது உங்கள் பணம்.

வேலை வாய்ப்பு என்று வருவது வேறு ரகம். அவசரம், ரகசியம் என்று மேலே சொன்ன அடையாளங்கள் அதில் முதலில் தெரியாது. நிதானமாக, அன்பாக வரும். அதனால்தான் உங்கள் வயதுக்காரர்கள் அதில் அதிகம் விழுகிறார்கள். வீடியோவுக்கு லைக் போடு, ஹோட்டலுக்கு விமர்சனம் எழுது என்று சின்ன வேலை கொடுப்பார்கள். முதல் சில நாள் பணமும் உண்மையாகவே கணக்கில் ஏறும். அந்தச் சின்னத் தொகை அவர்களுக்கு முதலீடு. பிறகு 'பிரீமியம் டாஸ்க்' என்று முன்பணம் கட்டச் சொல்வார்கள். திரையில் உங்கள் லாபம் ஏறிக்கொண்டே இருக்கும், எடுக்கப் போனால் மட்டும் வராது, எடுப்பதற்கு இன்னும் கொஞ்சம் கட்டச் சொல்வார்கள். பங்குச்சந்தைக் குழு, கிரிப்டோ முதலீடு, தவறுதலாக அனுப்பியது போல் ஒரு 'ஹாய்' வந்து மாதக்கணக்கில் நட்பாக வளர்வது எல்லாமே இந்த வழிதான். 19-ஆம் நூற்றாண்டிலேயே, ஸ்பெயினில் சிறைப்பட்டிருக்கும் ஒரு செல்வந்தரை விடுவிக்கப் பணம் அனுப்பினால் அவர் சொத்தில் பங்கு கிடைக்கும் என்று கடிதம் எழுதி ஏமாற்றினார்கள். இன்று கடிதத்துக்குப் பதில் டெலிகிராம் குழு. சம்பாதிக்க வந்த இடத்தில் நாம் பணம் கட்ட வேண்டும் என்ற பேச்சு எழுந்ததும் வெளியே வந்துவிடுங்கள், அதுவரை கட்டியது போனாலும் போகட்டும். அதை எடுக்கத்தான் மேலும் கட்டுகிறோம் என்று போய்த்தான் பெரிய தொகைகள் எல்லாம் போகின்றன.

இந்தச் செய்திகளை அனுப்புபவர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் வற்புறுத்தலின் பேரில் இணைய மோசடி வேலையில் வைக்கப்பட்டிருக்கலாம். வெளிநாட்டில் கணினி வேலை என்று நம்பிப் போய், பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்து, அடி உதைக்கு நடுவே நாள் முழுக்க இப்படிச் செய்தி அனுப்பிக்கொண்டிருப்பவர்கள் அவர்களில் பலர். அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள். உங்கள் அப்பா மோதியது ஒரு தனி ஏமாற்றுக்காரனோடு என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம். பல நாடுகளில் இதற்குப் பின்னால் இருப்பது ஆள் எடுத்து, வசனம் எழுதிக்கொடுத்து, தினமும் இலக்கு வைத்து நடத்தும் பெரிய தொழில்.

குரல் விஷயத்தையும் குடும்பமாக உட்கார்ந்து பேசிவிடுங்கள். ஒருவர் சில நொடிகள் பேசிய பதிவு கிடைத்தால் அவர் குரலைப் போலவே பேச வைக்கும் மென்பொருள்கள் இன்று இருக்கின்றன. 2024 தொடக்கத்தில் வெளியே வந்த ஹாங்காங் வழக்கு ஒன்றில், ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் ஊழியர் வீடியோ கூட்டத்தில் கலந்துகொண்டார். நிதித் தலைமை அதிகாரியும் சக ஊழியர்களும் திரையில் இருந்தார்கள். அவரைத் தவிர அத்தனை பேரும் கணினி உருவாக்கிய போலி உருவங்கள். அதை நம்பி 15 தவணைகளாக அவர் அனுப்பியது 20 கோடி ஹாங்காங் டாலர். ஒரு நாள் உங்கள் குரலிலேயே அம்மாவுக்கு அழைப்பு வந்து, 'விபத்தாயிடுச்சும்மா, போன் உடைஞ்சிடுச்சு, வேற நம்பர்லேர்ந்து பேசுறேன், உடனே பணம் அனுப்புங்க' என்று அழலாம். அதற்காக இப்போதே வீட்டுக்குள் ஒரு சொல்லை முடிவு செய்துகொள்ளுங்கள். பேஸ்புக்கில் போட்டிருக்கும் பிறந்தநாள், நாய்க்குட்டியின் பெயர் எதுவும் வேண்டாம், உங்கள் நாலு பேருக்கு மட்டும் தெரிந்த ஏதாவது ஒரு சொல். பணம் என்ற பேச்சு வந்தால் அந்தச் சொல்லைக் கேட்க வேண்டும். சொல்ல முடியாவிட்டால், யாருடைய குரலாக இருந்தாலும் போனை வைத்துவிட்டு அவருடைய பழைய எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

இனி அப்பா. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. நடத்தும் இணையக் குற்றப் புகார் மையத்தில் 2024-ல் மட்டும் பதிவான இழப்பு 1,660 கோடி டாலர். அதில் 60 வயதைத் தாண்டியவர்கள் இழந்ததாகச் சொன்னது ஏறக்குறைய 500 கோடி. வயதானவர்கள், விவரம் தெரியாதவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்பது சரியென்றால் இந்தக் கணக்கு இடிக்கிறது. என் மேசைக்கு எதிரே மருத்துவர்கள் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள், கணினி நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள் அழுதிருக்கிறார்கள். அவர்களில் பலர் வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு நாள் கடத்திவிட்டு வந்தவர்கள். அந்த நாட்களில்தான் பணம் கடைசிக் கணக்கையும் தாண்டிப் போயிருக்கும். அண்ணன் போட்ட சத்தத்துக்கு இந்த விலையும் உண்டு. அடுத்த முறை சந்தேகமான அழைப்பு வந்தால் அப்பா உங்களிடம் சொல்வாரா, மறைப்பாரா என்பதை இப்போது வீட்டில் நீங்கள் பேசும் விதம்தான் முடிவு செய்யும். நடந்ததற்காக அண்ணன் மன்னிப்புக் கேட்டால் மிகவும் நல்லது. அதற்கு மனம் வராவிட்டால், அந்த அழைப்பில் என்னென்ன சொன்னார்கள் என்று அப்பாவிடம் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்கட்டும். அப்பா தன் வாயால் வரிசையாகச் சொல்லி வரும்போது, எந்த இடத்தில் தன்னை மடக்கினார்கள் என்பது அவருக்கே தெரியவரும். அதில் அவருடைய மனபாரமும் கொஞ்சம் குறையும்.

அப்பா தூக்கமில்லாமல் இருந்தாலோ, 'நான் இருந்து என்ன பயன்' என்பது போல் ஒரு சொல் வாயிலிருந்து வந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அவரைத் தனியாக விடாதீர்கள். பணத்தைவிட இதுதான் எனக்கு அதிகக் கவலையாக இருக்கிறது.

போனைப் பிடுங்க வேண்டாம். வீட்டுக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதரிடமிருந்து அதையும் எடுத்துவிட்டால், நீ லாயக்கில்லை என்று அவர் கையில் எழுதிக் கொடுப்பதாகிவிடும். பட்டன் போனிலும் அந்த அழைப்புகள் வரத்தான் செய்யும், ஓடிபியை வாய்விட்டு வாசிக்க ஸ்மார்ட்போன் தேவையில்லை. அதற்குப் பதிலாக, தவறு நடந்தாலும் சேதம் சின்னதாக இருக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். சேமிப்பை ஒரு கணக்கில் வைத்து, அதற்கு இணைய வசதியே இல்லாமல் நிறுத்திவிடலாம். மாதச் செலவுக்கு வேண்டியது மட்டும் இன்னொரு கணக்கில் இருக்கட்டும், போனில் அந்தக் கணக்கு மட்டும். அதிலும் ஒரு நாளில் இவ்வளவுக்கு மேல் அனுப்ப முடியாது என்று வரம்பு வைக்கலாம். ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் வரும் தகவல் உங்கள் எண்ணுக்கும் வருமாறு செய்ய முடியுமா என்று வங்கியில் கேளுங்கள். போனில், பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஆப் நிறுவும் அனுமதியை மூடிவிடுங்கள்.

இதற்கான விண்ணப்பங்களைக் கொடுக்கக் கிளைக்குப் போகும்போது அப்பாவையும் கூட்டிச் செல்லுங்கள். வரம்பு எவ்வளவு என்று அவரே சொல்லட்டும், படிவத்தை அவரே நிரப்பட்டும்.